பீடிக்குப் பதிலாக

கார்த்திகை 3, புதன்

காலையிலிருந்து தூறல். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. எம். புதுப்பட்டி ரோட்டில் ஆளே இல்லை. கரண்டு பில் கட்டியாயிற்று. குடைக்கம்பி ஒடிந்தது.

மதியம் தங்கை பேச்சி வீடு. அவள் வீட்டுக்காரர் மாரி மாப்பிள்ளைக்கு வலது கன்னத்துக்குள் புண், நாலு மாதமாய் ஆறவில்லை. வலி இல்லாததால் மணத்தக்காளிக் கீரையோடு விட்டுவிட்டார்கள். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம். மனுஷன் அசையவில்லை.

"கத்தி பட்டா புத்து பரவிரும் மச்சான். எங்க பெரியப்பா அப்படித்தான போனாரு."

அவர்கள் மகள் செல்வி விருதுநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை பார்க்கிறாள். "பெரிய தாத்தாவுக்குப் பரவினதுக்குப் பொறவுதான் கத்தியே வச்சாக. நீங்க தலைகீளாச் சொல்லுதீக" என்றாள். கறார்ப் பேச்சு. எனக்கு அது பிடிக்கும். அப்பாவிடம் எடுபடவில்லை.

கார்த்திகை 4, வியாழன்

மழை விட்டது. வாங்க வேண்டியவை: சீரகம், பிளேடு, முழங்கால் தைலம், புகையிலை. (கடைசியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

செல்வியிடம் கேட்டேன், புற்று என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று. சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்து ஒட்டுவது இல்லை. நம் சொந்த செல். ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே இருக்கிற குறிப்பு முழுவதையும் நகல் எடுக்கும். நகலில் பிழை வரும். பெரும்பாலும் செல்லே திருத்திக்கொள்ளும், முடியாவிட்டால் தானே செத்துப்போகும். சில பிழை தப்பிவிடும். ஒன்றால் கெடுதல் இல்லை. வருஷக்கணக்கில் ஒரே செல்லின் வழியில் பல பிழைகள் சேர்ந்தால், "போதும், நிறுத்து" என்பது அதற்குக் கேட்காது. சாகவும் மறந்துவிடும். பெருகும், தனக்கென்று ரத்தக்குழாய் இழுத்துக்கொள்ளும், பக்கத்துச் சதைக்குள் புகும்.

"அச்சுப் பிளேட்டுல எளுத்து தப்பாயிட்டா அம்புட்டு காலண்டரும் தப்பாத்தான விளும், மாமா."

பிழை எதனால்? வயசு, வெயில், சில கிருமி, சிலருக்குப் பிறவியிலேயே ஒன்று, சும்மா தற்செயலாகவும். "அப்பா கம்பெனி வெடிமருந்துனாலன்னு சொல்லுதாக. ஒரு ஆளுக்கு இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புண்ணு இருக்க எடத்தப் பாருங்க. பொகையில அடக்குத அதே எடம்."



கார்த்திகை 5, வெள்ளி

மேகமூட்டம். எங்கும் போகவில்லை. பழைய கம்பெனி கேட் ஞாபகம் விடவில்லை.

நான் போர்மேனாக இருந்தபோது காலையில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் வரிசையாக நிற்பார்கள். பீடி, தீப்பெட்டி எல்லாம் தகரத் தட்டில் விழும். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். யாருடைய பீடி எது என்று கட்டிய நூலைப் பார்த்தே சொல்வேன். சீசன் சமயம் அந்த வரிசை முழுக்கச் சிரிப்பும் வசவும்தான். அந்தக் காலை வேளைகளுக்கு மனசு இப்போதும் ஏங்குகிறது. நான் இருந்தவரை ஒரு பொறி விழவில்லை, அதில் பெருமையும் உண்டு.

மாப்பிள்ளை கல்யாணமான புதிதில் இடுப்புச் சாரத்து மடிப்பில் பீடி ஒளித்துக் கொண்டுவந்தார். பிடித்துவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், தங்கச்சி கதி? என் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "இத அடக்கிக்கிடுங்க மாப்பிள்ள. நெருப்பு வேண்டாம், பொக வராது, ஒரு ஆபத்தும் இல்ல."

அந்த வருஷமே பாதி ஆட்கள் புகையிலைக்கு மாறினார்கள். சந்தோஷப்பட்டேன். எங்களுக்கு ஆபத்து என்றால் நெருப்பு ஒன்றுதான்.

இதை அவரிடம் சொல்லியாக வேண்டும். பயமாக இருக்கிறது.

கார்த்திகை 6, சனி

சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கார்த்திகை 7, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சியும் செல்வியும் பக்கத்தில்.

"அன்னைக்கு நாந்தான் குடுத்தேன் மாப்பிள்ள. ஆபத்து இல்லன்னு சொன்னதும் நாந்தான். எனக்காகவாது சோதனைக்குப் போங்க."

பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கம்பி கம்பியாகத் துடைத்தார். 

"நீங்க குடுத்தது ஒரு நாளு. மத்த நாளெல்லாம் நாந்தான வாங்கிப் போட்டேன்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

பிறகு நிமிர்ந்து, "நீங்க இப்பவும் போடுதீகளா?"

"போடுதேன்."

"வாயத் தொறங்க."

செல்வி போன் வெளிச்சத்தை அடித்தாள். இடது கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, துடைத்தாலும் போகவில்லை. புற்று என்று சொல்ல முடியாது, ஆகாது என்றும் சொல்ல முடியாது, சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கத்தி வேண்டாம் என்று என் வாயிலும் வந்தது.

மாப்பிள்ளை துணியைக் கீழே போட்டார்.

"ஏத்தா செல்வி, நாளைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு சீட்டு போடு. மச்சான் பேர மொதல்ல எளுது."