இருமல் கேட்கிற ஸ்பீக்கர்

முத்தாபுதுப்பேட்டை

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மாவின் ஆசிகள். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு பரவாயில்லை, எனக்கு மனசுதான் பல வருஷம் கழித்து இப்போது நன்றாக இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய இருமல் மருந்தை இன்னும் திறக்கவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வேண்டாம்மா விட்டுவிடு என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபேக்டரியில் ரிடையர் ஆனதும் அப்பா உன் அறையைப் பாட்டு கேட்கும் அறையாக மாற்றியது உனக்குத் தெரியும். ஸ்பீக்கர் வாங்க அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். அவருக்கு ஆள் உயரப் பெட்டிகள் மேல்தான் கண். கடைக்காரப் பெண், ரூம் எவ்ளோ பெருசு சார் என்று கேட்டுவிட்டு, அந்த ரூமுக்கு இது வெறும் இரைச்சல்தான், கிட்டக்க உக்காந்து கேக்கறதுக்குச் சின்னதே போதும் என்றாள். ஒரு சின்ன ஜோடியை மேசையில் காது உயரத்துக்கு வைத்து, இரண்டையும் என் பக்கம் திருப்பி, கை எட்டும் தூரத்தில் என்னை உட்கார வைத்தாள். அப்பாவின் பென் டிரைவில் முதலில் வந்தது அந்த அம்மன் பாட்டு. உன் சித்தப்பா ஹேமநாதன் குமணன்சாவடி ஸ்டுடியோவில் உன்னைப் பாட வைத்துவிட்டு, குரல் எடுபடவில்லை அழித்துவிட்டேன் என்று சொல்லி, தன் மகள் தீபிகா பேரில் வெளியிட்டாரே, அதே பாட்டு. அன்றோடு நீ பாடுவதையே விட்டாய். ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, ரேணுகா குரல் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னால், ஒரே ரத்தம் அண்ணி, அப்டித்தான் இருக்கும் என்று சிரிப்பார்.

கடையில் கேட்டேனடி. இரண்டாவது சரணத்துக்கு முன்னால், பாட்டுக்குப் பின்னால் மெலிசாக, என் இருமல். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. கல்யாண மண்டபத்தில் நான் வந்துவிட்டதைச் சொந்தக்காரர்கள் கண்டுபிடிக்கிற அதே இருமல். உன்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் ஸ்டுடியோ மூலையில் உட்கார்ந்திருந்தவள் நான். தீபிகா பாடியதாகச் சொன்ன நாளில் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு கடையிலிருந்த ஒவ்வொரு ஜோடியிலும் அதே இடத்தைப் போடச் சொன்னேன். எதில் என் இருமல் தெளிவாக இருக்கிறதோ அதை வாங்குங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்து எல்லோரையும் வரவழைத்தேன். அந்த அறையில் சரியாகக் கேட்கிற நாற்காலி ஒன்றுதான், அதில் மரியாதையாக உன் சித்தப்பாவை உட்கார வைத்தேன். மற்றவர்கள் பின்னால் நெருக்கி நின்றார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நின்றேன். அவர் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இருமல் வந்தது. உன் அத்தை பொன்னம்மாள்தான் முதலில், இன்னா வசந்தா, நீ வாயே தொறக்கல, உன் இருமல் எங்கேர்ந்து வருது என்றாள். ரெகார்டிங்ல ஏதோ சத்தம் கீது அண்ணி, வுடுங்க என்றார் அவர். சத்தம் இல்ல தம்பி, அதுல நான்தான் கீறேன் என்று சொல்லி மறுபடி போட்டேன். எழுந்திருக்கப் பார்த்தார், விடவில்லை, இன்னொரு தரம் போட்டேன். தீபிகா அழுதுகொண்டே வெளியே போனாள். எனக்குப் பாவமாக இல்லை. இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய், இல்லை.

ஆடித் திருவிழாவுல நானே மைக்ல ரேணுகா பாடினதுன்னு சொல்றேன், கோயில் கமிட்டி வரைக்கும் போவாதீங்க என்று உன் சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா உடனே, தம்பிதானே வசந்தா என்றார். அன்று ராத்திரி அப்பாவுக்குக் குழம்பை மூடி வைத்துவிட்டு ரசம்தான் ஊற்றினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தினமும் கொஞ்சமாவது பாடு, பாடி அனுப்பு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்க வேண்டும். அம்மன் உன்னைக் குறைவில்லாமல் வைப்பாள். மருந்து விஷயம் சொல்கிறேன் என்றேனே, ஆடி முடியும்வரை அதைத் தொட மாட்டேன். உன் சித்தப்பா மைக்கில் உன் பேரை விழுங்கினால், முன்வரிசையில் நின்று ஊருக்கே கேட்கும்படி இருமப்போகிறேன்.

மருந்து குடிக்காத உன் அம்மா,
வசந்தகுமாரி