உனக்கு ஒரு கார்டு, எனக்கு இரண்டு

உன் மடிக்கணினி என் மேசையில் சத்தமில்லாமல் ஓடுகிறது. அடியில் கைவைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். எனக்குப் பழகிய சத்தமும் மணமும் வேறு. நீ எனக்குத் தந்த இயந்திரத்தைப் போட்டால் விசிறிகள் ஊளையிடும். கால் மணித்தியாலத்தில் தூசி கருகும் மணம் அறை முழுவதும் நிறையும். அது இப்போது கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதற்குள் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு. உன்னுடையதில் ஒன்று.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சிட்ட நினைவு மலரில் ஒரு பக்கம் நான் எழுதினேன். செத்தவரைப் பற்றி நல்லதையே எழுதவேண்டும் என்ற வழக்கத்துக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு அருகே இருந்த உன் கணினிக் கடைக்கு நான் வந்த அந்த மத்தியானம், நீ கதிரையில் சரிந்திருந்து திரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். எனக்கு விளையாட்டில் நாட்டமில்லை. செய்திக்காக எடுக்கும் வீடியோக்களை வெட்டி ஒட்டப் பலமான இயந்திரம் தேவைப்பட்டது. அதற்கு கேமிங் லப்டொப்தான் சரி என்று நீயே சொல்லியிருந்தாய். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ஒரு கார்ட் உள்ளது நல்லமோ, ரெண்டு உள்ளதோ?"

நீ காரை நிறுத்தாமலே பதில் சொன்னாய். "பேப்பர்காரன் எண்டுறாய், இதையும் கேக்கிறாய். கொண்ணன் கடலில ரெண்டு நாள் இழுபட்டது மறந்து போச்சோ?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"அண்டைக்கு அந்த வள்ளத்தில ரெண்டாவது இஞ்சின் இருந்திருந்தா கொம்மா கோயில் வாசலில கிடந்து அழுதிருப்பாவோ? ஒண்டு நிண்டா மற்றது இழுக்கும். இந்த ரெண்டு கார்ட் லப்டொப் எனக்கெண்டு எடுப்பிச்சது மச்சான். மூண்டு மாசம்தான் ஓடினது. நீ எண்டபடியா தாறன்."

இயந்திரம் நின்று அண்ணனின் வள்ளம் கடலில் இழுபட்ட அந்த இரண்டு நாளும் நீ எங்களோடு இருந்தாய். உன் ஊர் தோட்டவெளியிலிருந்து நடந்தே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாய். எந்த இடத்தில் தொட்டால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில்தான் தொட்டாய். இயந்திரத்தோடு அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கனத்த அடப்டர்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு பாப்பாமோட்டைக் கிராமம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், தாங்கள் வெட்டித் திருத்திய காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காணி அதிகாரிகள் அடம்பன் ஊர் மண்டபத்தில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். கூலி வேலையை விட்டு எல்லோராலும் வரமுடியாது. வரமுடியாதவர்கள் சொல்வதைப் படமாக்கித் திரையில் காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன், அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். பதினொரு குடும்பங்கள் பேசின. செல்வமணி என்ற பெண் என்னைத் தன் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புருஷனும் அவருமாகத் தோண்டிய கிணறு. "எதை வெட்டுனாலும் இந்தக் கெணத்த மட்டும் வுட்றாதீங்க சார்" என்றார்.

கூட்டம் பத்து மணிக்கு. விடிந்ததும் படத்தை ஒரே கோப்பாக்கத் தொடங்கினேன். பாதியில் இயந்திரம் அணைந்தது. ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன், திரும்பவும் அணைந்தது. மூன்றாம் தடவை உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மேசை விசிறியைப் பக்கத்தில வையடா."

"வைச்சிட்டன்."

"அப்ப ஐசைக் கட்டி வை. மீன் வாடியில கேட்டா தருவாங்கள்." நீ சிரித்தாய். கடையில் இருந்த வேறு யாரோவும் சிரித்தது எனக்குக் கேட்டது.

நான்காம் தடவையும் அணைந்து, ஐந்தாம் தடவைதான் முடிந்தது. நான் அடம்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சைத் திரையில் பார்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்து வந்திருந்த செல்வமணி வாசலில் நின்றார். படத்தில் பேசுவோர் பட்டியலில் பெயர் இருந்ததால் அவரை நேரில் பேசக் கூப்பிடவில்லை.

"நாங்க பேசுனது எங்க சார்?"

பையைக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வேலைக்கே போயிருப்பேனே" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நேரில் வந்து பேசியவர்களுக்கு உறுதி கிடைத்தது. படத்தில் பேசிய பதினொரு குடும்பங்களும் இன்றுவரை காத்திருக்கின்றன.

கொழும்பில் ஒரு திருத்துநர் அதைக் கழற்றிப் பார்த்து விளக்கினார். இரண்டு கார்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட மென்பொருளில்தான் இரண்டும் வேலை செய்யுமாம். என்னுடையது ஒன்றைத்தான் பயன்படுத்தியது. மற்றது சும்மா இருந்து சூடேற்றியது. சூடு போகும் வழி இரண்டுக்கும் ஒன்று, ஆகவே எது கொதித்தாலும் எல்லாமே நிற்கும். வீட்டுக்கு வந்து இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனியோ? அண்டைக்கு எண்ணெயில தண்ணி. ரெண்டு இஞ்சின் இருந்தாலும் ஒரே எண்ணெய்தானேடா. ரெண்டும்தான் நிண்டிருக்கும்."

ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்கிற அண்ணன். கடலில் கிடந்தவரைக் கேட்காமல், கரையில் இருந்த உன்னை நம்பினேன். முப்பது வருடம் செய்தி எழுதியவன் செய்யும் பிழையா இது?

ஆனாலும் நீயும் அறியாமல்தான் சொன்னாய் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். போன மாதம் உன் மனைவி இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து தந்தார். "மலருக்கு அவரின்ர படம் ஒண்டு தேடி எடுங்கோ அண்ணா." ஒரு கையால் வாங்கினேன், ஒரு கையே போதுமாக இருந்தது. படம் தேடியபோது உன் மின்னஞ்சல் பெட்டி திறந்தே இருந்தது. படித்திருக்கக் கூடாது. படித்தேன். நான் உன் கடையிலிருந்து அதைத் தூக்கிச் சென்ற மறுநாள், கொழும்புக் கடைக்காரருக்கு நீ எழுதியது:

"ரெண்டு கார்ட் சரிவராது. சரியான சூடு, விளையாடேக்க இடையில நிண்டு போகுது. அதை இஞ்ச ஒரு ஆளின்ர தலையில கட்டிட்டன். எனக்கு ஒரு கார்ட் உள்ளதை அனுப்புங்கோ."

ஒரு ஆள். என் பெயர்கூட இல்லை. ஐசைக் கட்டி வை என்று சிரித்தபோது உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மலரில் எழுதினேன்: "தனக்கென எடுத்ததையும் நண்பனுக்குத் தந்தவர்." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன் மனைவி அதை உன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டார். "இதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணா, உங்களில அவருக்குச் சரியான விருப்பம்" என்று இயந்திரத்தையும் தந்துவிட்டார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

வியாழக்கிழமை அடம்பனில் மறுபடி கூட்டம். பதினொரு குடும்பங்களின் படத்தையும் இன்று காலை உன் இயந்திரத்தில் போட்டேன். ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பையைக் கழுவாமலே வைத்தேன். நீ எதை எடுத்துக்கொண்டு எதைத் தந்தாய் என்பது அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் தெரிந்தது.

இப்போதெல்லாம் யார் எதை விற்க வந்தாலும், "நீங்கள் உங்களுக்கு எதை வைச்சிருக்கிறியள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது. அந்தக் கேள்வியோடுதான் இனி என் காலம் போகும்.

செல்வமணிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இந்தத் தடவயாச்சும் ஓடுமா சார்?"

"ஓடும். மூண்டு தரம் போட்டுப் பாத்திட்டன். இது வேற மெசின்."

"யாரோட மெசின் சார்?"

உன் பெயர் வாய்வரை வந்தது.

"ஒரு ஆளின்ர" என்றேன்.