தேருக்கு வந்துடுவேன்

நவம்பர் 8, சனி

விடாத மழை. துணி காயவில்லை. வாங்க வேண்டியது: அரிசி, வெங்காயம், கொசுவத்தி.

செலின் அக்கா வந்தாள். புது செண்ட், வாசலில் நின்றால் அடுப்படி வரை வாசனை. மகன் அந்துவான் அனுப்பினானாம். பிரெஞ்சு பட்டாளத்தில் சேர்ந்து ரெண்டு வருஷம், அதற்குள் மாடியில் ரெண்டு அறை, ஏ.சி. வேறு. அக்கா சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சு சிப்பாய் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டவள், மாமனார் காலத்திலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட். எனக்கு வாய்த்தது வயர்மேன். ஒரே அம்மா வயிற்றில்தான் ரெண்டு பேரும் பிறந்தோம்.

"பிரெஞ்சுக்காரங்களுக்குச் சண்ட வரும்ங்கறாங்களே, அந்துவானை அனுப்புவாங்களா?" என்றேன். கரிசனம் இல்லை, குத்திப் பார்த்தேன்.

"போனாலும் ரெண்டு வாரந்தான்டி. மாதா கோயில் தேருக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டான்."

அவள் போனதும் அருளிடம் கத்தினேன். "அவனும் ஒன் வயசுதானே? அவனைப் பாரு. நீ மருந்து கம்பெனியில அட்டை ஒட்டிக்கிட்டே இரு." என் பிள்ளை சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து பெரிய மார்க்கெட். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு சங்கரா வாங்கினேன். மீன்காரம்மா சும்மா இருக்கக் கூடாதா? "ஒங்கக்கா வெலையே கேக்காம வாங்கிட்டுப் போச்சி." குழம்பு ருசிக்கவில்லை.

டிவியில் சண்டை ஆரம்பம். கோட்டு போட்ட ஒருத்தர் வரைபடத்தில் கோலால் தட்டுகிறார். ரெண்டே வாரத்தில் முடியுமாம். எந்தச் சண்டை அப்படி முடிந்தது? அம்மாவின் சித்தப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் சைகோன் சண்டைக்குப் போகும்போது தேருக்கு வந்துடுவேன் என்றுதான் சொன்னாராம். தகரப் பெட்டி மட்டும் வந்தது. அக்காவும் நானும் ஒரே பாயில் படுத்துக் கேட்ட கதை. அவளுக்கு மறந்துவிட்டது. ஏ.சி. காற்று.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. கடற்கரையில் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தில், முதல் உலகப் போர் முடிந்த நாளென்று வருஷா வருஷம் நடப்பதுதான். பிகில், மலர்வளையம், மைக்கில் 'இனி ஒரு போர் வேண்டாம்'. அங்கே ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது, இவர்கள் கர்ச்சீப்பால் நாற்காலியைத் துடைத்து உட்காருகிறார்கள். அக்காவுக்கும் நாற்காலி. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், செருப்பில் சேறு.

முடிந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். போன் கையில். "அனுப்பறாங்கடி. எல்லைக்கு." என் கையை விடவே இல்லை. முதலில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. பிறகுதான் நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கென்ன, ஒம் புள்ள வூட்ல தூங்கறான்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. முதலியார்பேட்டை வரை ஆட்டோவில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாவி நான், சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

வெயில். துணி காய்ந்துவிடும்.

ஷிப்டு முடிந்து வந்த அருள் தூங்கவில்லை. குளித்து, ஷூ போட்டு, பையில் பாஸ்போர்ட்டை வைத்தான். "வெளிநாட்டுக்காரங்களையும் பிரெஞ்சு பட்டாளத்துல எடுக்கறாங்கம்மா. அந்துவான்தான் சொன்னான். விசாவுக்கு இன்னிக்கி சென்னைக்குப் போறேன்."

"அங்க சண்ட நடக்குதுடா!"

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

தகரப் பெட்டிக் கதையைச் சொன்னேன். தோசை தின்றுகொண்டே கேட்டான், நாங்கள் பாயில் படுத்துக் கேட்ட மாதிரியே.

"நீதானம்மா அவனைப் பாருன்ன?"

அக்காவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜெபத்தில் இருப்பாள். இப்போதும் அவள் மேல் பொறாமைதான். அவள் பிள்ளையைப் பட்டாளம் அனுப்புகிறது. என் பிள்ளையை நானே விரட்டினேன்.

தெருமுனை வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அழாதம்மா. எங்க போனாலும் தேருக்கு வந்துடுவேன்."