நாய்ப் பயம் போன பிறகு

இட்செல் கண்ணே,

நாய்ப் பயத்தைப் போக்க, மூளையைப் படமெடுக்கும் ஆராய்ச்சிக்கு நான் போனதை உன்னிடம் சொல்லவில்லை. உனக்குப் பிடித்த சோளமாவுத் தமாலே அவித்து எடுத்துக்கொண்டு, திடீரென்று உன் வாசலில் வந்து நிற்க ஆசைப்பட்டேன். நாயைக் காட்டவே இல்லை. என் மூளை வேலை செய்வதற்கேற்பப் பெருத்துச் சிறுக்கும் ஒரு வட்டம் மட்டும் திரையில். "அதைப் பெருசாக்குங்கம்மா, எப்படின்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று சிரித்தார் டாக்டர்.

உன் வழிகாட்டி நாயைக் கட்டிப்போட்டால்தான் வருவேன் என்று ஆறு வருடம் பிடிவாதம் பிடித்தேன். "சுர்ரோதாம்மா எனக்குக் கண்ணு. அவனக் கட்டிப்போட்டா நான் எப்படி நடப்பேன்?" என்றாய்.

பயிற்சி முடிய ஒரு நாள் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

உன் அடக்கம் முடிந்து, இன்று உன் வீட்டைக் காலி செய்ய வந்தேன். சுர்ரோ என் மடியில் தலை வைத்தான். நெஞ்சு படபடக்கவே இல்லை. படபடத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உன் அம்மா