கிடங்குத் தெருவில் நிற்பவர்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா, பயணிகள் முனையத்தின் பாதுகாப்பு அலுவலர், எதற்கும் விதியின் உட்பிரிவைக் காட்டுவதால் அலுவலகம் முழுவதும் 'உட்பிரிவு' என்று அழைக்கும் மனிதன், எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு உறங்கி, அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. நீ கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரப்போகும் வழியைப் பற்றி, நீ அங்கே கப்பல் ஏறுவதற்கு முன்பே உனக்குத் தெரிவித்துவிட வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய், பக்கத்தில் அம்மா இருப்பாள், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். எழுத்து என்றால் இரண்டாம் முறையும் படிக்கலாம். இதை இரண்டு முறை படி.

முதலில் வீட்டுச் செய்தி. நீ வருகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறாள். முழங்கால் வலி என்னாயிற்று என்று கேட்டால், "அது லீவு போட்டுட்டுப் போயிருக்கு, பொண்ணு ஊருக்குத் திரும்பினப்புறம் வரும்" என்கிறாள். உன் அறைக்கு வண்ணம் அடித்தாயிற்று. நான் வெள்ளை போதும் என்றேன், "ஆஸ்பத்திரியா கட்டறோம்?" என்று கேட்டு இளம்பச்சை அடிக்கச் செய்துவிட்டாள். உன் மாமா வந்து மின்விசிறியை மாட்டிக் கொடுத்தார். விசையைப் போடும் முன், "மச்சான், காத்து வரலாமா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவரே ஒரு நாழிகை சிரித்தார். இத்தனை ஆண்டுகளில் இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை. ஆகையால்தான், வராதே என்று எழுத உட்கார்ந்தவன் அதை எழுதாமல் இதை எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். சுற்றுலாக் கப்பல் வரும் நாள்களில், ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிகளை முனைய வாயிலில் நிறுத்தி, எங்கே போனீர்கள், எங்கேனும் அஞ்சினீர்களா, எதைக் கண்டு அஞ்சினீர்கள் என்று கேட்பேன். அந்நியத் துறைமுகத்தில் மனிதர் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று என்னைப் போல் கேட்டறிந்தவர் குறைவு. திருடனுக்கு என்று நாம் நினைப்போம், அது பிழை. துப்பாக்கி ஏந்திய காவலர் வரிசையாக நிற்கும் துறைமுகத்தில், இவ்வளவு காவல் எதற்கு என்று எண்ணியே அஞ்சுகிறார்கள். வழி கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு பக்கம் கைகாட்டும் சந்தையில் அவர்களுக்கு அச்சமே இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார்: "தெரியாத ஊர்ல நாய் குரைச்சா பயமில்ல சார். குரைக்காம பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் பயம்." நம் துறைமுகத்தில் எல்லாரும் அஞ்சிய இடம் ஒன்றுதான்: முனையத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள கிடங்குத் தெரு. ஊருக்கு வேறு வழி கிடையாது. இரு பக்கமும் உயர்ந்த சுவர், மூடிய இரும்புக் கதவுகள். நடந்தால் நம் காலடி ஓசையே சுவரில் பட்டுச் சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும். கப்பல் நாளில் அங்கே வாகனம் செல்லக் கூடாது என்பது, பயணிகளின் பாதுகாப்பைக் கருதி நானே எழுதிய விதி.

அங்கே ஒரு காவலரை நியமிக்க வேண்டும் என்று மேலாளரிடம் பல முறை எழுதிக் கேட்டேன். ஆள் இல்லை என்றார். அதற்குப் பதிலாக ஒரு பலகை வைத்தார். 'இத்தெரு காவலரின் நேரடிக் கண்காணிப்பில் உள்ளது' என்று பெரிய எழுத்தில், பல மொழிகளில். இல்லாத காவலரை இருப்பதாக அறிவிப்பது முறையன்று என்று நான் ஆட்சேபித்தேன். "யோவ் உட்பிரிவு, பலகையே காவலர்தான்யா. திருடன் வந்து தலையை எண்ணிக்கிட்டா இருப்பான்?" என்றார். பலகை வந்த பிறகு வந்த முதல் கப்பலிலேயே அச்சம் என்ற சொல் நின்றுபோயிற்று. எழுத்துக்கு இத்தனை வலிமையா என்று நானும் வியந்தேன். அப்போது ஒருவர் போகிற போக்கில், அந்தக் காவலருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். எந்தக் காவலர் என்றேன். கயிற்றுக் கிடங்கின் கதவருகே நிற்பவர், சாம்பல் நிறச் சட்டை, கப்பல் இந்தப் பக்கம் என்று கைகாட்டிக் கூடவே வந்து விட்டுப் போனார் என்றார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். வெவ்வேறு நாட்டார், வெவ்வேறு கப்பல். அந்தக் கதவும் அந்தச் சட்டையும் மாறவில்லை. ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியிலேயே பேசியிருக்கிறார். அதுவும் வெறும் மொழி அன்று, "எங்க அண்ணன் பேசற மாதிரியே இருந்துச்சு" என்றார் ஒருவர்.

ஒரு பிற்பகலில் நேரில் போய்ப் பார்த்தேன். கதவில் துருவேறிய பூட்டு. யாரும் திறந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும். தெரு முழுவதும் புழுதி படிந்திருந்தது. அந்தக் கதவின் முன் மட்டும் இரண்டு பாத அளவுக்குத் தரை தேய்ந்து பளபளத்தது. குறித்துக்கொண்டு வீட்டை நோக்கித் திரும்பினேன்; திரும்பியது வீட்டை நோக்கித்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் முன்னால் வந்தது முனைய வாயில். 'தூங்குமூஞ்சி' என்று நாங்கள் அழைக்கும் வாயிற்காவலர் (முகம்தான் அப்படி, கண் அயர்ந்து நான் பார்த்ததில்லை) "என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "பலகையில வேலை இருக்குன்னு போட்டீங்க சார். ஆள் வந்து சேர்ந்துட்டான். நீங்கதான் இன்னும் அடையாள அட்டை குடுக்கல" என்றார்.

எவருக்கும் தீங்கு நேரவில்லையே என்று நீ கேட்பாய். உண்மை, ஒருவர் பணப்பையைக்கூட இழக்கவில்லை. நானும் அப்படியே சமாதானம் செய்துகொண்டிருந்தேன், ஒரு கப்பல் சமையற்காரரின் நிகழ்ச்சி வரை. அவர் இந்த ஊர்க்காரர். ஒப்பந்தம் முடிந்து, பெட்டியோடு, வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டவர். அழைத்துப்போக அவர் தம்பி வந்திருந்தார். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு தெருவுக்குள் போனதை நான் பார்த்தேன். சற்று நேரத்தில் இருவரும் அதே சிரிப்போடு வாயிலுக்குத் திரும்பி வந்தார்கள். தம்பியிடம் கப்பல் அட்டை இல்லாததால் தூங்குமூஞ்சி தடுத்தார், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் போலத் தம்பி விழித்துக்கொண்டு, "நாங்க வீட்டுக்குல்ல போயிட்டிருந்தோம்?" என்றார். அதற்குள் அண்ணன் உள்ளே போய்விட்டார். ஏன் திரும்பினீர் என்று நான் தம்பியிடம் கேட்டபோது, கப்பல் இந்தப் பக்கம் என்று காவலர் சொன்னார் என்றார். அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டுவிட்டது. அவர் வீட்டார் இன்றும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். மகளே, தெருவில் நிற்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த திசை ஒன்றுதான்.

இந்நிலையில்தான் நீ தொலைபேசியில், "அப்பா, உங்க துறைமுகம்தான் ரொம்பப் பாதுகாப்பானதுன்னு போயிட்டு வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க, நான் நடந்தே வீட்டுக்கு வந்து அம்மா முன்னாடி நிக்கப் போறேன்" என்றாய். குடும்பச் செய்தியை அலுவலகத்துக்குக் கொண்டுபோவதில்லை என்பது என் வழக்கம், ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சென்ற கப்பலில் நம் மொழி பேசும் ஓர் அம்மாள் வந்திருந்தார். திரும்பும்போது என்னிடம், "தம்பி, நீங்கதானே உட்பிரிவு சாரு? உங்க காவலர் தங்கமான மனுஷன். 'சாரோட பொண்ணு அடுத்த கப்பல்ல வருதாமே, நடந்துதானே வருது, நான் பத்திரமா கொண்டுபோய் விட்டுடறேன்னு சொல்லிடுங்க'ன்னார்" என்றார். எங்கே கொண்டுபோய் விடுவார் என்பதை நான் கேட்க வேண்டியதில்லை.

உடனே மேலாளரிடம் போய்ப் பலகையை அகற்றச் சொன்னேன். "ஊரே பாராட்டுது, எந்த உட்பிரிவுல கழட்டச் சொல்றீர்?" என்றார். அத்தகைய உட்பிரிவு இல்லைதான். ஆனால் வேறொன்று இருக்கிறது: அறிவிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால் அருகிலுள்ள அலுவலர் பொறுப்பேற்கலாம். அன்றே போய் அந்தத் தேய்ந்த தரையில் என் இரு காலையும் வைத்து நின்றேன். பின்னர் தூங்குமூஞ்சி சொன்னார்: "சார், இன்னைக்கு வந்தவங்க யாரும் அந்த நல்லவரைப் பார்க்கலையாம். மொறைச்சுப் பார்த்துக்கிட்டு ஒருத்தர் நின்னாராம், அவ்வளவுதான்." என் முகத்துக்கு இப்படி ஒரு பயன் கிடைக்கும் என்று அம்மாகூட எதிர்பார்த்திருக்க மாட்டாள். இடத்தை நிரப்பினால் போதும் என்று மகிழ்ந்தேன். தூங்குமூஞ்சி வாயிற்கதவைச் சாத்திக்கொண்டே, "ஒரே ஒரு அம்மா மட்டும், நீங்களே கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டதா சொன்னாங்க" என்றார். நான் அந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகரவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியதைத் தெளிவாக எழுதுகிறேன். கயிற்றுக் கிடங்கின் கதவருகே நான் நிற்பேன். நான் பேச மாட்டேன், கைகாட்ட மாட்டேன், உன்னைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். இத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கிறோமே என்று நீ நிற்கக் கூடாது. என்னைக் கடந்து நேரே போய்விட வேண்டும். என் முகத்தோடும் என் குரலோடும் நடந்து வந்து உன் பையை வாங்கிக்கொள்கிறவர் நான் அல்லேன், கொடுத்துவிடாதே. தெருமுனையில் அம்மாவும் மாமாவும் காத்திருப்பார்கள். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் காலுக்குத் தெரிந்த வழி வீட்டு வழியாகவே இருக்கட்டும். நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் பெற்று வாழ்க. கப்பலில் குளிரும், கம்பளி ஆடை எடுத்துக்கொள். மறந்துவிடாதே: நிற்பவன் நான், நடப்பவர் நான் அல்லேன். இன்னொன்று. அன்று எழுதிக் கொடுக்காமல் நின்றேன், இன்று முறைப்படி பொறுப்பேற்கிறேன். பொறுப்பேற்றவர், மாற்று ஆள் வந்து விடுவிக்கும் வரை பணியிடத்தை விட்டு நகரக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நகர்ந்தால் இடம் மறுபடி காலியாகிவிடும். யார் வந்து என்னை விடுவிப்பார் என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆதலால் நீயும் அம்மாவும் எனக்காகக் காத்திராமல் சாப்பிட்டுவிடுங்கள். இப்போது நான் இக்கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு, நேரே அங்கே போய் என் இடத்தில் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அப்பா