உப்பு விழுந்த தங்கத் தண்ணீர்

மதினி,

இன்று ஓடைப்பட்டித் தோட்டத்தில் பன்னீர்த் திராட்சைப் பெட்டிகளைக் கழுவினேன். வாளியில் தேங்கிய சிவப்புத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. உங்கள் சின்னப் புட்டியில் இருந்ததும் இதே நிறம்தான்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் நீங்கள் மதுரைக்குப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் புட்டியைக் காட்டி, "இது தங்கம்" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

"தங்கத்தக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கித் தண்ணியில விட்டா செவப்பாத்தான் இருக்கும், புள்ள."

அந்தத் துகளை ஒரு சின்னப் பட்டையில் பூசி, அதன்மேல் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருளை ஒட்டவைப்பீர்களாம். அதில் சிறுநீரை ஒரு சொட்டு விட்டால் போதும்; அந்தப் புரதம் இருந்தால் வந்து ஒட்டும், பட்டையில் ஓடும் மின்சாரம் மாறும். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

புட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். சர்க்கரை நோய்க்காரியான அம்மா, திராட்சைச் சாறு என்று எண்ணி, யாரும் பார்க்காமல் ஒரு மடக்குக் குடிக்க ஆசைப்பட்டாள். வழக்கம்போல ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள்.

"ஆத்தாடி! இங்கன வாங்கடி, சாறு நீலம் பாரிச்சுப் போச்சு!"

ஈரத் தலையோடு ஓடிவந்த நீங்கள் கோபப்படவில்லை. உப்புப் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிறம் மாறுமாம். "உப்பு போட்டதால தப்பிச்சீக அத்த. இல்லாட்டி என் படிப்பையே குடிச்சிருப்பீக" என்று சிரித்தீர்கள்.

அப்போதே உங்கள் முகம் லேசாக வீங்கியிருந்தது. யாருடைய சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள் என்று, பிறகு நீங்களே சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

"எனக்குப் பிந்திருச்சு, புள்ள. சீனி இருக்கவுகளுக்கும் இப்படித்தான் புரதம் சத்தமில்லாமக் கசியும். அத்தைக்குப் பிந்தக் கூடாது. நீதான் ஆஸ்பத்திரியில கேக்கணும்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுவேன். தலைகுனிந்து நின்றேன்.

"வாயில என்ன, திராட்சக் கொட்டையா? துப்பிட்டுப் பேசு."

உங்கள் பட்டை முடியவில்லை. அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை.

"ஒண்ணுக்குல புரதம் போகுதான்னு பாருங்க!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்த்தார்கள். கசிகிறதாம், ஆனால் ஆரம்பம்தானாம், மாத்திரையில் கட்டுப்படுமாம்.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஏ புள்ள, அது யாரு தொண்டை?"

கொட்டையைத் துப்பிவிட்டேன், மதினி.