கவிழ்ந்திருந்த ஒன்பதாவது கிளாஸ்

மச்சான்,

இன்று காலை எழும்பியபோது குசினியில் நீ போடுகிற இஞ்சித் தேத்தண்ணி மணந்தது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மேசையில் உன் ஒன்பது கிளாஸ்களில் ஒன்று கவிழ்ந்திருந்தது. நான் தனியாள் என்று உனக்குத் தெரியும். கதவும் உள்ளே பூட்டியபடி.

அமெரிக்க அரசியலில், எல்லைக்கு வடக்கே இந்தக் கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்கத் தேடினாலும் என்னைப்போல் விண்ணன் இல்லை. ஒருமுறை பஸ்ஸில் என் விளக்கத்தைக் கேட்ட பேராசிரியர் ஒருவர் இறங்க மறந்து கடைசித் தரிப்பு வரைக்கும் வந்தார். நீதான் நம்பவில்லை. "அந்தாள் நித்திரையாப் போயிருக்கும்" என்றாய்.

ஆனால் கிளாஸ் விளையாட்டு உன்னுடையது. ஊருக்கு என்னுடையது என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதை விடு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள், ஆளுக்கொரு கிளாஸ். ஒருவர் செத்தால், விலகினால், அவருடைய கிளாஸைக் கவிழ்ப்பாய். அந்த நேரம் யார் ஜனாதிபதியோ அவர் ஓர் ஆளைக் காட்டுவார், செனட் சபை தலையாட்டும், அதன் பிறகுதான் நிமிர்த்துவாய்.

ஒரு தேர்தலுக்கு மறுநாள் லாசாலில் உன் வீட்டில் வென்றவரையும் தோற்றவரையும் பற்றி எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம். நீ டிவியைப் பார்க்கவே இல்லை. கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அவர் நாலு வருசத்தில போயிடுவார், மிஞ்சினா எட்டு. இவை போகமாட்டினம்."

"வயசு போனா அனுப்பமாட்டாங்களோ? இங்க எழுபத்தஞ்சோட வீட்ட போகவேணுமெல்லோ?" என்று கேட்டேன்.

"அங்க சாகுமட்டும் கதிரை. இருத்திவிட்ட ஜனாதிபதி செத்துக் கனகாலமாயிருக்கும் மச்சான், அந்தாளின்ர கை இன்னும் தீர்ப்பு எழுதும்."

யாரும் தொடாமலே கிளாஸ்கள் மெல்லக் கிணுங்கின. மெட்ரோ ஓடுகிறது என்றாள் உன் மனைவி. உன் வீட்டுக்குக் கீழே மெட்ரோ கிடையாது.

உன் கவலை எனக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் உன் தம்பி. அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகியும் வருடக்கணக்காக அங்கேயே பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். அவனைப் போன்றவர்களை இருக்கவிடுவதா, பிளேன் ஏற்றுவதா என்ற கேள்வி ஒருநாள் அந்த ஒன்பது பேரிடம் போகும் என்று பயந்தாய். உனக்கும் அங்கே வோட்டு இல்லை, அவனுக்கும் இல்லை. கையில் இருந்தது கிளாஸ் மட்டும்.

உன் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. எல்லை தாண்டினால் திரும்பிப் போக முடியாது. போனில்தான் உன் முகத்தைக் காட்டினேன். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்ததும் உன் மனைவி கிளாஸ்களைப் பேப்பரில் சுற்றித் தந்தாள்.

"கொண்டுபோங்கோ அண்ணை. இதுகள் வீட்டில இருந்தா எனக்கு நித்திரை வருதில்லை."

கொண்டுவந்து என் குசினி மேசையில் ஒன்பதையும் நிமிர்த்தி வைத்தேன்.

இன்று மத்தியானம் உன் தம்பி போன் எடுத்தான்.

"அண்ணை, எங்கட விசயம் பெரிய கோட்டுக்கு வந்திட்டுதாம். இப்ப இருக்கிற ஆக்கள் மாறாட்டி, ஒராள் வித்தியாசத்தில தப்பலாமெண்டு லோயர் சொல்லுறார். கிளாஸெல்லாம் நிமிந்துதானே நிக்குது?"

"ஓமடா தம்பி. ஒம்பதும் சிப்பாய் மாதிரி நிக்குது."

எத்தனையோ புளுகியிருக்கிறேன் மச்சான். ஒன்றுக்கும் நாக்கு இப்படி வறண்டதில்லை.

டிவியைப் போட்டேன். எந்த நீதியரசரும் சாகவில்லை, விலகவில்லை. இன்னும் இல்லை. கிளாஸைத் தொட்டேன். இப்போதுதான் யாரோ குடித்துவிட்டு வைத்ததுபோல் சூடாக இருந்தது.

நிமிர்த்தக் கை போனது. முடியவில்லை. செனட் தலையாட்டுமுன் நீ ஒருநாளும் நிமிர்த்தியதில்லை. கண்டதையெல்லாம் மாற்றிச் சொல்கிற நான், உன்னுடைய இந்த ஒரு சட்டத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். கிளாஸுக்குப் பக்கத்தில், செய்தியைப் பார்த்தபடி இருக்கிறேன்.

நாளைக்கும் அவன் எடுப்பான். நாளைக்கும் ஓம் என்றுதான் சொல்வேன்.